ஒரு நாள் தள்ளி வந்த புது வருஷம்

அன்புள்ள அக்கா,

இன்று காலை உங்கள் சாடியைத் திறந்தோம்.

பொங்கல் கழிந்து நான்கு நாள் ஆகிறது. "தை பொறந்தா திற" என்று நீங்கள் சொல்லி வைத்திருந்ததால் உங்கள் வீட்டுக்கார அண்ணன் அதுவரை அதன் பக்கமே போகவில்லை. இன்று விடிந்ததும் வேலிக்கு அந்தப்புறம் வந்து நின்றார். பட்டாளத்தில் நிற்பது போலத்தான் எப்போதும் நிற்பார். இன்று தோள் இறங்கியிருந்தது. கிணற்றடியில் குடத்தோடு நின்ற சுபைதா லாத்தாவைப் பார்த்து, "லாத்தா, அது சொன்ன நாளு வந்துடுச்சு. நீங்க வந்து திறங்க. என்னால முடியல" என்றார்.

லாத்தா குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போனார். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, சாடியின் மேலிருந்த கல்லைத் தூக்கிக் கீழே வைத்தார். நீங்கள் கட்டியிருந்த வாழைநார் முடிச்சை அறுக்காமல், நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தார். வாசம் எழுந்து வந்தது. நெத்திலியும் உப்பும் ஒரு வருஷத்து வெயிலும் சேர்ந்த அந்த மீன்சாற்று வாசம் கிணற்றைச் சுற்றிவந்து எங்கள் அடுப்படி வரை போயிற்று.

அம்மா அப்போது நீர் இறைத்துக்கொண்டிருந்தாள். முதன்முதலில் இந்த வாசம் வந்த அன்று, "எந்தக் கொல்லையில எது செத்துக் கெடக்கோ தெரியல" என்று தெரு முழுவதும் கேட்கும்படி சொன்னவள். இன்று மூக்கைப் பொத்தவில்லை. கயிற்றைப் பிடித்தபடியே, "பதமா வந்திருக்கா லாத்தா?" என்று கேட்டாள்.

"தேன் மாதிரி வந்திருக்கு. ஊத்திச் சாப்பிடத்தான் ஆளு இல்ல."

அதற்குமேல் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே வந்து இந்த நோட்டை எடுத்தேன். உங்கள் ஊர்ச் சொற்களை நீங்கள் சொல்லச் சொல்ல நான் தமிழ் எழுத்தில் எழுதி வைத்த அதே நோட்டு. முன்பக்கங்கள் முழுக்க நீங்கள் சொன்னவை. நான் சொல்லாமல் விட்டதைப் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். உங்களிடம் ஒரு பொய் சொன்னேன், அக்கா. நீங்கள் இருக்கும்போதே அதை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

நீங்கள் கோவில்பத்துக்கு வந்தது, காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய அதே ஐப்பசியில். மழை தூறிக்கொண்டிருந்தது. ரயிலடியிலிருந்து வந்த ஜட்கா எங்கள் பக்கத்து வீட்டு வாசலில் நின்றது. பட்டாளத்துக்குப் போன அண்ணன் சைகோனிலிருந்து திரும்பி வருகிறார் என்று மட்டும்தான் தெருவுக்குத் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வருகிறவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். அந்த சொல்தாவைப் பார்க்கத்தான் எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். அவருக்குப் பின்னால் வெள்ளைக் கால்சட்டையும் முழுக்கைச் சட்டையுமாக நீங்கள் இறங்கினீர்கள். உங்கள் கையில் ஈரச் சாக்கு மூட்டை ஒன்று இருந்தது. குழந்தையோ என்று நினைத்தோம். உள்ளே இருந்தவை வேர்கள். கப்பல் பயணத்தில் முக்கால்வாசி அழுகிவிட்டிருந்தன. பிழைத்த ஒன்றைக் கிணற்றுத் தண்ணீர் வழிந்தோடும் ஓரத்தில் வைத்தீர்கள். அது கொத்தமல்லி மாதிரி மணக்கும், கடித்தால் காரம் ஏறும். வீட்டுக்குள் பாயை விரிப்பதற்கு முன்னால் அதைத்தான் நட்டீர்கள்.

அடுத்த வாரமே எங்கள் வீட்டில் ஒரு பெரிய சண்டை நடந்தது. உங்களுக்கு அது சண்டை என்றே தெரிந்திருக்காது. எங்கள் துளசி மாடத்துத் துளசியை ஒரு கைப்பிடி பறித்துக்கொண்டு போய்க் கஞ்சியில் போட்டுவிட்டீர்கள். அம்மா ஆடிப்போய்விட்டாள்.

"சாமிச் செடியப் பறிச்சுச் சோத்துல போட்டுட்டாளே லாத்தா, இவளை என்ன பண்றது?"

"அவ ஊருல அது கீரை, புள்ள. நம்ம ஊருல கருவேப்பிலையப் பறிச்சா கும்பிட்டுட்டா பறிக்கிறோம்?"

"கருவேப்பிலையும் துளசியும் ஒண்ணா?"

"எனக்கு ரெண்டும் செடிதான். கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லி லாத்தா சிரித்தார். அவர் வீட்டுக்காரர் சைகோனில் நெடுங்காலம் துணிக்கடை வைத்திருந்தவர். ஊருக்கு வந்தால் ஒரு மாதத்துக்கு லாத்தாவின் மீனாணக் குழம்பை வாயில் வைக்க மாட்டாராம், உப்பு வேறு மாதிரி இருக்கிறது என்பாராம். அதனால் தெருவிலேயே உங்கள் பக்கம் பேச லாத்தா ஒருவர் இருந்தார்.

மறுநாள் அம்மா ஒரு உடைந்த பானையில் துளசிக் கன்று ஒன்றை வைத்து, வேலிக்கு மேலாக நீட்டினாள். "இது உனக்கு. அது சாமிக்கு. இதைத் தின்னு, அதைத் தொடாதே." நீங்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பானையின் முன்னால் தலை குனிந்து வணங்கினீர்கள். அம்மாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து நான் பள்ளிக்கூடம் விட்டால் உங்கள் வீட்டுக் கொல்லையில்தான் இருப்பேன். "பொழுதன்னைக்கும் அங்கதான் குடியிருக்கியா? பேசாம பாயச் சுருட்டிக்கிட்டுப் போயிடு" என்று அம்மா கேலி பேசுவாள். நான் வீட்டில் இருக்கும் புத்தகமெல்லாம் படித்து முடித்துவிட்டு, மளிகை கட்டி வரும் காகிதத்தையும் பிரித்துப் படிக்கிறவள். புதிதாக ஒரு பாஷையே பக்கத்து வீட்டுக்கு வந்திறங்கினால் விடுவேனா?

உங்களுக்கு எங்கள் தமிழ் சீக்கிரம் வந்தது. யாராக இருந்தாலும் "வரும்", "போகும்" என்றுதான் சொல்வீர்கள். மாதா கோயில் சாமியாரையும் அப்படித்தான் சொன்னீர்கள். எனக்கு அது மரியாதைக் குறைவாகத் தோன்றியதே இல்லை. நீங்கள் சொன்னால் எல்லோரும் மழை மாதிரியும் காற்று மாதிரியும் ஆகிவிடுவார்கள்.

மறு வருஷம் கார்த்திகையில் உங்கள் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. கிணற்றடியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே அதைப் படித்தீர்கள். வெங்காயம் தீர்ந்த பிறகும் கண்ணில் நீர் நிற்கவில்லை.

"என்னக்கா எழுதியிருக்காங்க?"

"அண்ணன் எழுதும். அம்மாக்கு வயசு ஆச்சு. வா, வா, சொல்லும்."

"போயிடுவீங்களா?"

நீங்கள் திரும்பி உங்கள் வீட்டைப் பார்த்தீர்கள். "சுவரு இருக்கு. கூரை இருக்கு. செடிகூட இருக்கு. வீடு இன்னும் வரல, தங்கச்சி."

அன்றைக்குத்தான் நீங்கள் இங்கே வந்த முதல் தையில் நடந்ததைச் சொன்னீர்கள். உங்கள் ஊரில் வருஷம் பிறக்கும் காலையில் யார் முதலில் வாசல் மிதித்து உள்ளே வருகிறார்களோ, அவர்களுடைய குணமும் யோகமும்தான் அந்த வருஷம் முழுக்க வீட்டில் தங்கும். அதனால் நல்ல ஆளாகப் பார்த்து முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். இங்கே வந்த முதல் வருஷம் உங்களுக்குச் சொல்லி வைக்க ஆள் இல்லை. நிலாவைப் பார்த்து நாளை எண்ணிக்கொண்டு, கதவைத் திறந்து வைத்துக் காலையிலிருந்து காத்திருந்தீர்கள்.

"யாரும் வரல. சாயங்காலம் ஒரு ஆடு வந்துச்சு. துளசி தின்னுச்சு. போச்சு." சிரித்தீர்கள். "அது ஆட்டு வருஷம்."

நான் அந்த நாளை நினைவுபடுத்திப் பார்த்தேன். உங்கள் கதவு திறந்தே கிடந்ததை நான் பார்த்திருந்தேன். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் வேலி ஓரமாகப் பூப்பறித்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் உங்களிடம் பேசியது என் காதில் விழுந்தது. அவர் உங்களோடு உங்கள் பாஷையும் தமிழும் கலந்து பேசுவார். முக்கியமானதைத் தமிழில் சொல்வார். "வரப்போற புது வருஷம் வரைக்கும் பாரு. அப்பவும் இது உன் வீடுன்னு தோணலன்னா, நானே புதுச்சேரிக்குக் கூட்டிட்டுப் போயி கப்பல் ஏத்தி விடறேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

பூவெல்லாம் கீழே கொட்டிவிட்டது. அதன் பிறகு எனக்கு ஒரே நினைப்புத்தான். இந்தப் புது வருஷத்தில் உங்கள் வீட்டுக்கு ஆடு வரக் கூடாது.

யார் முதலில் வர வேண்டும் என்று கேட்டேன். நீங்கள் யோசிக்கவே இல்லை. "உங்கம்மா. வீட்டுக்காரரு இருக்கு, புள்ளைங்க இருக்கு, அடுப்பு எரியுது, சத்தமா பேசும். நல்ல ஆளு. வருமா?"

"வருவாங்கக்கா. நான் கூட்டிட்டு வரேன்." அம்மாவிடம் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நாளைக் கணக்கிடும் வேலையும் என்னிடமே வந்தது. ஆட்டு வருஷத்தில் எண்ணியது சரியா என்று உங்களுக்குச் சந்தேகம் இருந்தது. நிலா முழுக்கக் கறுத்த மறுநாள் என்று சொன்னீர்கள். அடுப்படி ஆணியில் தொங்கும் அப்பாவின் பஞ்சாங்கத்தை எடுத்து வந்து உட்கார்ந்தேன். விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தால், உங்கள் வருஷத்தின் கடைசி நாள் எங்கள் தை அமாவாசை. அன்று அப்பா கடலுக்குப் போய் முழுகித் தாத்தாவுக்கு எள்ளும் நீரும் விடுவார் என்று சொன்னபோது, நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"அன்னைக்கு எங்க வீட்லயும் செத்தவங்க சாப்பிட வரும். இங்கயும் வருமா? அதே நாளா?"

"அதே நாள்தான்."

"அப்ப வழி தெரியும் அவங்களுக்கு" என்றீர்கள். உங்கள் அப்பா கடல் தாண்டி வர வேண்டுமே என்ற கவலை உங்களுக்கு இருந்திருக்கிறது. அன்று நீங்கள் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கஷ்டம் அதற்கு அடுத்த நாளில் இருந்தது. அமாவாசை சனிக்கிழமை. மறுநாள் பாட்டிமை, பிரதமைத் திதி. எங்கள் வீட்டில் பாட்டிமையில் எதையும் தொடங்க மாட்டார்கள். இது எனக்குத் தெரிந்ததுதான். உங்கள் சிரிப்பைப் பார்த்த சந்தோஷத்தில் மறந்துபோனேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுக் கையை நீரிலிருந்து எடுத்தாள்.

"பாட்டிமையிலயா? பாட்டிமையில ஒரு ஊருக்குக் கெளம்ப மாட்டோம், ஒரு படி விதை நனைக்க மாட்டோம். அந்தப் பொண்ணோட வருஷத்த நான் போயி மிதிச்சுத் தொடங்கி வைக்கணுமா?"

"அது அவங்க வழக்கம்மா."

"வழக்கம் அவங்களுது. காலு என்னுது. நான் மிதிச்சு வச்சு, நாளைக்கு அதுக்கு ஒரு தலைவலி காய்ச்சல்னாலும் என் வயித்துலதான் நெருப்பு. நல்லா இருக்கணும்னுதான்டி வரமாட்டேங்கறேன். ஒரு நாள் தள்ளி வைக்கச் சொல்லு, ஓடி வரேன். துவிதியை, மாசியும் பொறக்குது. அருமையான நாளு."

"புது வருஷத்த எப்படிம்மா தள்ளி வைக்கறது?"

"அப்ப என்னைக் கூப்பிடாத."

திரும்ப அரிசியில் கையை விட்டுவிட்டாள்.

மறுநாள் பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உங்களிடம் வந்தேன். நீங்கள் வாழை இலையை வெயிலில் வாட்டிக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தைப் பிரித்து, உங்களுக்குப் படிக்கத் தெரியாத ஒரு வரியில் விரலை வைத்தேன்.

"நேத்துத் தப்பாச் சொல்லிட்டேன்க்கா. அமாவாசை ஞாயித்துக்கிழமையும் இருக்கு. திதி அப்படித்தான், ரெண்டு நாளு இழுக்கும். உங்க முதல் நாளு திங்கக்கிழமை."

நீங்கள் குனிந்து அந்த வரியைப் பார்த்தீர்கள். "அச்சுல இருக்கா?"

"இருக்குக்கா."

"அப்ப சரி."

அவ்வளவுதான். என் குரல் நடுங்கக்கூட இல்லை. திதி இரண்டு நாள் இழுப்பது உண்டு என்பது உண்மை. அந்த மாதம் இழுக்கவில்லை. அம்மாவிடமும் போய், கணக்குப் பிசகிவிட்டது, திங்கட்கிழமைதான் என்றேன். படித்த பெண் சொல்லும் பொய்யில் முக்கால் பங்கு உண்மை இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்திருக்கிறேன். வருஷத்தின் முதல் நாளில் வீடு பெருக்கக் கூடாது, வந்த யோகம் குப்பையோடு போய்விடும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். முதல் நாளில் அழக் கூடாது, அழுதால் வருஷம் முழுக்க அழ வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் கணக்கில் பழைய வருஷத்தின் கடைசி நாளாகிவிட்டது. மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டை மூலை முடுக்கெல்லாம் பெருக்கினீர்கள். நான்தான் முறத்தைப் பிடித்தேன். குப்பையை வாய்க்கால் கரை வரை கொண்டுபோய்க் கொட்டினேன். திரும்பி வந்தபோது உங்கள் அண்ணனுடைய கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தீர்கள்.

"அழாதீங்கக்கா, இன்னைக்கு வேணாம்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தீர்கள். "இன்னைக்குத்தான் அழணும். பழைய வருஷத்துல அழுது முடிச்சுடணும். நாளைக்கு முடியாதே."

உண்மையான முதல் நாளில் உங்களைப் பெருக்க வைத்தேன், அழ வைத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன். அந்த நேரம் பார்த்து லாத்தா கவுனி அரிசியோடு வந்துவிட்டார். உங்கள் ஊர் அரிசி மாதிரி ஒட்டும் அரிசி வேறு எதுவும் இங்கே இல்லை என்று அவர் பெட்டியிலிருந்து தேடி எடுத்து வந்திருந்தார். லாத்தாவும் சாப்பிட வேண்டும் என்பதற்காக நீங்கள் பன்றி இறைச்சியை விட்டுவிட்டு, பயத்தம்பருப்பும் தேங்காயும் வைத்து இலையில் சுருட்டிக் கட்டினீர்கள். மூவரும் முடிச்சுப் போட்டுக்கொண்டே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். எனக்கு அது இவ்வளவு பிடித்திருந்ததே, அதுதான் பெரிய தப்பு.

திங்கட்கிழமை விடியும்போது அம்மா தலைக்குக் குளித்து, அரக்குக் கரைச் சேலை கட்டி, தட்டில் தேங்காயும் வெற்றிலையும் மஞ்சளும் வெல்லமும் வைத்துக்கொண்டு கிளம்பினாள். உங்கள் ஊரில் மஞ்சள் பூ பூத்த கிளையை வைப்பார்கள் என்று சொல்லியிருந்ததால், வாய்க்கால் கரையிலிருந்து நான் ஒடித்து வந்த பூவரசங்கிளை உங்கள் வாசலில் ஒரு குடத்தில் நின்றது. அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில், கதவோரம் விறைப்பாக நின்றார்.

அம்மா வாசலில் நின்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "என்னத்தடி சொல்லிக்கிட்டு உள்ள போகணும்?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்மா. சிரிச்சாப் போதுமாம்."

"காரணமில்லாம எப்படிச் சிரிக்கறது?" என்று சொல்லும்போதே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலது காலை எடுத்து வைத்தாள். உங்கள் நெற்றியில் மஞ்சளைத் தொட்டு வைத்து, "நல்லா இருக்கணும் நீ. இந்த வீட்ல தொட்டில் ஆடணும்" என்றாள்.

பின்னாலேயே லாத்தா. "மொத ஆளு போயாச்சா? நான் ரெண்டாவது ஆளு. எனக்கு ரெண்டு பங்கு."

"இனி ஆடு வராது" என்றீர்கள் நீங்கள்.

"வந்தா விடாதே, என்கிட்ட அனுப்பு."

அன்று உங்கள் வீட்டுக்குள் அத்தனை பேச்சும் சிரிப்பும் ஒன்றாகக் கேட்டன. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா என்னைத் துரத்தினாள். வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று ஒன்றும் நினைவில்லை.

சாயங்காலம் கிணற்றடியில் லாத்தா மேற்கே பார்த்துக் கையேந்தி நின்றார். "பிறை தெரியுது பாருங்க. என்ன தெளிவு." நீங்கள் துணி அலசிய கையோடு வந்து பார்த்தீர்கள். தென்னை மரத்துக்கு மேலே நிலா ஒரு நகக்கீற்றாக நின்றது. முதல் நாளில் நிலா கண்ணில் படாது என்று என்னிடம் சொன்னவர் நீங்கள்தான். கட்டை விரலால் விரல் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினீர்கள். இரண்டு முறை எண்ணினீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். நான் வாளிக்குள் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்க நிலா சீக்கிரம் வருது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனீர்கள்.

இந்த ஒரு வரியை எத்தனை தடவை திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? உங்கள் குரலில் சொல்லிப் பார்ப்பேன். ஒரு நாள் அது நிஜமாகவே ஆச்சரியப்படுவது போல் கேட்கும். ஒரு நாள் எல்லாம் புரிந்துகொண்டு என்னை விட்டுவிட்டது போல் கேட்கும்.

அந்த வாரம் உங்கள் அண்ணனுக்கு வரவில்லை என்று எழுதினீர்கள். "வீடு வந்துச்சு, தங்கச்சி" என்று என்னிடம் சொன்னீர்கள். மாசியில் நெத்திலி மலிந்தபோது கூடையாக வாங்கி, உப்பும் மீனும் மாற்றி மாற்றி அடுக்கி, இந்தச் சாடியை மூடிக் கல் வைத்தீர்கள். ஒரு வருஷம் கழித்துத் திறக்க வேண்டியதை ஒருவர் செய்து வைத்தால், அவர் ஒரு வருஷம் இருக்கப் போகிறார் என்றுதானே பொருள்? நான் அப்படித்தான் நினைத்தேன். என் பொய் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டது என்று பெருமைகூடப் பட்டேன். அடுத்த தையில் சரியான நாளைச் சொல்லி, பழைய கதையையும் சொல்லிச் சிரிக்கலாம் என்று தள்ளி வைத்தேன்.

ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைந்து தெருவுக்குள் நீர் வந்தது. அதன் பின்னாலேயே காய்ச்சல் வந்தது. எங்கள் வரிசையில் நான்கைந்து வீட்டில் படுத்தார்கள். எல்லோரும் எழுந்தார்கள், நீங்கள் எழவில்லை. மூன்றாவது வாரம், இன்று சொல்லிவிடுவது என்று உறுதியாக வந்தேன். நீங்கள் கண் திறந்து, "ஜன்னல் திற. செடி பாக்கணும்" என்றீர்கள். திறந்தேன். மழையில் அது கிணற்றோரம் முழுக்கப் படர்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டீர்கள். தூங்குகிறவரை எழுப்பிப் பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டுமா என்று திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் லாத்தாவின் அழுகைச் சத்தம் கேட்டது.

கல்லறைத் தோட்டத்துக்குள் எங்கள் வீட்டுப் பெண்கள் போவதில்லை. அம்மா வாசல் வரை வந்து, மழையில் நனைந்துகொண்டு, கடைசி ஆள் வெளியே வரும் வரை நின்றாள். சைகோனுக்குப் போன கடிதத்தின் உறையில் பிரெஞ்சில் விலாசம் எழுத என்னைத்தான் அண்ணன் கூப்பிட்டார். உங்கள் அம்மாவின் கைக்குப் போன அந்த உறையில் இருப்பது என் கையெழுத்து. நீங்கள் கப்பல் ஏறியிருந்தால் அந்த உறை போக வேண்டி வந்திருக்காது என்று எழுதும்போது நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா முறத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கினாள்.

"அந்தப் பொண்ணோட வருஷம் இந்தத் தடவ எந்த நாளுடி?"

நான் நோட்டை மூடினேன். "தை அமாவாசைக்கு மறுநாள்மா."

"மறுநாள் பாட்டிமையாச்சே. போன வருஷம் துவிதியைலதானே வந்துச்சு?"

"போன வருஷமும் பாட்டிமைதான். நான்தான் மாத்திச் சொன்னேன். நீ வரணும்னு."

அம்மாவின் கை நின்றது. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அதுக்குத் தெரியுமா?"

"தெரியலம்மா."

வெளியே கிணற்றடியில் யாரோ வாளியை இறக்கினார்கள். அது நீரைத் தொடும் சத்தம் கேட்டது.

"நல்ல நாளுன்னு நம்பித்தான போனேன்" என்றாள் பிறகு, என்னிடம் சொல்வது போலக்கூட இல்லாமல். "மஞ்ச வச்சேன், தொட்டில் ஆடணும்னேன். என்ன ஆச்சு?" முறத்தைத் தள்ளி வைத்தாள். "இந்த வருஷம் பாட்டிமையிலயே போறேன். அந்தத் தம்பி கதவத் திறந்து வச்சிக்கிட்டு ஒண்டியா உக்காந்திருக்கும். விடியறதுக்கு முன்னாடி எழுப்பி விடு."

அக்கா, இந்த ஒரு வார்த்தையை அம்மாவிடமிருந்து வாங்க முடியாது என்றுதான் உங்கள் புது வருஷத்தை நான் ஒரு நாள் நகர்த்தினேன். அந்த வார்த்தை அம்மாவிடம் இருந்திருக்கிறது. போன தையிலேயே இருந்ததா, நீங்கள் போன பிறகு வந்ததா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவளிடம் ஒரு தடவை கேட்டேன். மாட்டேன் என்றாள். பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டேன். இன்னொரு தடவை நான் கேட்டுப் பார்க்கவே இல்லை.

தங்கச்சி